நிட் முதல் பிபிஎஃப்டோர் வரை: சர்வரில் ஒட்டுக்கேட்கும் வசதி, ஓர் ஒப்பாய்வு

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் கெர்னல் அமைப்புக் கோப்பில் பேக்கெட் பிடிக்க உதவும் 'பிபிஎஃப்' என்ற சாதனத்தைச் சேர்க்கும் வரிக்கு மேலே ஒரு குறிப்பு உண்டு. இதைச் சேர்ப்பதால் நிர்வாகத்தில் என்ன விளைவுகள் வரும் என்று தெரிந்துகொண்டு சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அது எச்சரிக்கிறது. அதற்கு அடுத்த வரி, இயந்திரம் முகவரி பெறும் டிஎச்சிபி இயங்க இது தேவை என்கிறது. முதல் வரி பயமுறுத்துகிறது. இரண்டாம் வரி வேறு வழியில்லை என்கிறது. இணையத்தைப் பார்த்து நிற்கும் சர்வர்களில் பேக்கெட் பிடிக்கும் வசதி இருக்கலாமா என்று அட்மின்கள் முப்பது ஆண்டுகளாக நடத்திவரும் வாதம் இந்த இரண்டு வரிகளுக்குள் அடங்கிவிடும்.

சர்வருக்கு வந்துபோகும் பேக்கெட்டுகளை அப்படியே பிரதி எடுத்து ஒரு நிரலின் கையில் கொடுப்பதே அந்த வசதி. டிசிபிடம்ப், வயர்ஷார்க் போன்ற கருவிகள் அதன் மேல்தான் நிற்கின்றன. தளம் திடீரென்று மெதுவாகிவிட்டாலும், தரவுத்தள இணைப்பு பாதியில் அறுந்தாலும், அனுபவமுள்ள அட்மின் முதலில் தேடுவது டிசிபிடம்ப்பைத்தான். சர்வருக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்தவருக்கும் அதே வசதி அதே அளவு பயன்படும். அப்படியானால் அதைக் கெர்னலிலிருந்தே எடுத்துவிட்டால் என்ன?

இதற்கு விடை தேட இரண்டு சம்பவங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று, 1994 தொடக்கத்தில் இணையமெங்கும் நடந்த கடவுச்சொல் வேட்டை. மற்றொன்று, பிபிஎஃப்டோர் என்ற பின்கதவு நிரலும், அது பல ஆண்டுகள் குடியிருந்த தென்கொரிய எஸ்கே டெலிகாம் நிறுவனத்தில் 2025-இல் வெடித்த விவகாரமும். இரண்டிலும் பேக்கெட் பிடிக்கும் வசதியில் எந்தப் பிழையும் இல்லை. எதற்காக அது உருவாக்கப்பட்டதோ அதையே செய்தது, ஆளை மட்டும் மாற்றி. அதனால்தான் இவை ஒப்பிடத் தகுந்தவை.

வசதி என்ன செய்கிறது

ஈதர்நெட் கம்பியில் ஓடும் தகவல் ஒவ்வொன்றிலும் யாருக்குப் போகிறது என்ற முகவரி இருக்கும். நெட்வொர்க் கார்டு தன் முகவரிக்கு வந்ததையும் பொது அறிவிப்புகளையும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். 'புரோமிஸ்கியுவஸ்' நிலைக்கு மாற்றினால் முகவரி பாராமல் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். இது ஒரு படி.

அடுத்த படி கெர்னலில் நடக்கிறது. கார்டு எடுத்துக்கொண்ட பேக்கெட்டின் பிரதியைக் கேட்கும் நிரலுக்கு கெர்னல் கொடுக்கிறது. லினக்ஸிலும் சரி, பிஎஸ்டி குடும்பத்திலும் சரி, இந்தப் பிரதி எடுக்கப்படும் இடம் அந்த இயந்திரத்தின் சொந்த ஃபயர்வாலுக்கு முன்னால் இருக்கிறது. ஃபயர்வால் தள்ளிவிடப்போகும் பேக்கெட்டையும் டிசிபிடம்ப் காட்டுவது இதனால்தான். ஒரு பிரச்சினையை ஆராயும்போது இது பெரிய உதவி. பிபிஎஃப்டோர் தன் வேலையைக் கட்டியிருப்பதும் இதே இடத்தில்தான்.

இரண்டு படிகளுக்கும் வழக்கமாக ரூட் உரிமை வேண்டும். ஆகவே, ஒட்டுக்கேட்பவர் ஏற்கெனவே சர்வரைக் கைப்பற்றியவர் என்று வைத்துக்கொண்டுதான் இந்த ஒப்பீட்டைத் தொடங்க வேண்டும்.

1994: கம்பியில் போன கடவுச்சொற்கள்

பல்கலைக்கழகங்களும் ஆய்வகங்களும் சன் நிறுவனத்தின் வொர்க்ஸ்டேஷன்களால் நிறைந்திருந்த காலம் அது. சன்ஓஎஸ் 4 இயங்குதளத்தில் 'நிட்' என்ற பெயரில் பேக்கெட் பிடிக்கும் வசதி இருந்தது. வட்டு இல்லாத இயந்திரங்கள் தம் ஐபி முகவரியைக் கேட்டு எழும்போது பதில் சொல்லும் நிரலுக்கு அது தேவைப்பட்டது. நெட்வொர்க் கோளாறுகளை ஆராயவும் பயன்பட்டது.

தொலைவிலிருந்து உள்நுழைய டெல்நெட், ஆர்லாகின். கோப்பு அனுப்ப எஃப்டிபி. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இவற்றில் மறைப்பு எதுவும் இல்லாமல் அப்படியே கம்பியில் போயின. ஒரு கட்டடத்தின் இயந்திரங்கள் பெரும்பாலும் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொண்டன. எனவே ஒரே ஓர் இயந்திரத்தில் ரூட் கிடைத்துவிட்டால் அந்தக் கம்பியில் இருக்கும் அத்தனை பேரின் உள்நுழைவுகளையும் கேட்கலாம். அந்தக் கம்பி நகரங்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கின் ஒரு கணுவில் இருந்தால், வேறு வேறு ஊர்களின் கடவுச்சொற்களும் வலையில் விழும்.

நடந்தது அதுதான். புகுந்தவர்கள் நிட் வழியாகக் கார்டைப் புரோமிஸ்கியுவஸ் நிலைக்கு மாற்றி, புதிதாகத் திறக்கும் டெல்நெட், ஆர்லாகின், எஃப்டிபி அமர்வுகளின் தொடக்கப் பகுதியை மட்டும் ஒரு கோப்பில் சேர்த்தார்கள். கடவுச்சொல் அமர்வின் தொடக்கத்தில்தானே வரும். சேர்ந்ததை எடுத்துக்கொண்டு அடுத்த இயந்திரத்துக்குப் போனார்கள். அங்கேயும் ரூட் பெற்று இதையே செய்தார்கள். தங்கள் நிரல் கண்ணில் படாமலிருக்க இயந்திரத்தின் கட்டளைகளையே போலியானவையாக மாற்றி வைத்தார்கள்.

பிட்ஸ்பர்கில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் இயங்கிய, கணினிப் பாதுகாப்புக்கான செர்ட் மையம் 1994 பிப்ரவரி 3 அன்று எச்சரிக்கை வெளியிட்டது. பல்லாயிரக்கணக்கான இயந்திரங்களுக்கான உள்நுழைவு விவரங்கள் ஏற்கெனவே களவு போயிருந்தன. கார்டு புரோமிஸ்கியுவஸ் நிலையில் இருக்கிறதா என்று சோதிக்கும் சிறு நிரல் ஒன்றையும் அந்த மையம் கொடுத்தது. நிட் தேவைப்படாத இடங்களில் அதை முடக்கிவிடலாம் என்றும் சொன்னது. ஆனால் முடக்குவது தற்காலிக ஏற்பாடே, தீர்வு ஆகாது என்பதையும் கையோடு சொல்லிவிட்டது. திரும்பத் திரும்பப் பயன்படும் கடவுச்சொற்களைக் கம்பியில் வெறுமையாக அனுப்புவதை நிறுத்துவதுதான் நீண்ட காலத் தீர்வு என்பது அதன் நிலை.

அந்தத் தீர்வு மறு ஆண்டே பின்லாந்தில் உருவானது. அங்கே ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் இதே போன்ற கடவுச்சொல் வேட்டை நடந்ததைப் பார்த்த டாட்டு யூலோனன், 1995-இல் எஸ்எஸ்ஹெச் நிரலை எழுதி ஜூலையில் வெளியிட்டார். உள்நுழைவு, கட்டளை, பதில் எல்லாமே மறைகுறியாக்கப்பட்டுப் போயின. சில ஆண்டுகளில் சர்வர் நிர்வாகத்திலிருந்து டெல்நெட் விடைபெற்றது. ஒரு கம்பியைப் பலர் பகிர்வதும் ஸ்விட்ச்கள் வந்தபின் குறைந்தது. நிட் போன்ற வசதிகள் முழுதாக நீக்கப்படவில்லை. கேட்பதற்குப் பயனுள்ளதாகக் கம்பியில் இருந்தவைதான் குறைந்துபோயின.

இடையில் வந்த வேகம்

இரண்டு சம்பவங்களையும் இணைக்கும் சரடு ஒன்று உண்டு. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் மெக்கேனும் வான் ஜேக்கப்சனும் 1993 ஜனவரியில் சான் டியேகோவில் நடந்த யூசெனிக்ஸ் மாநாட்டில் ஒரு கட்டுரை படைத்தார்கள். அதில் அறிமுகமானதே பிபிஎஃப். அவர்கள் அதை ஒப்பிட்டது சன்னின் நிட்டோடு. அதே இயந்திரத்தில் அதே போக்குவரத்தைப் பிடிக்கும்போது நிட்டைவிட 10 முதல் 150 மடங்கு வேகம் என்று அளந்து காட்டினார்கள்.

வேகத்தின் காரணம் எளியது. எது வேண்டும், எது வேண்டாம் என்ற விதிகளைச் சிறு நிரலாக எழுதிக் கெர்னலிடமே கொடுத்துவிடுகிறோம். வேண்டாதவை கெர்னலுக்குள்ளேயே உதிர்ந்துவிடும். வேண்டியது மட்டும் மேலே வரும். கோடிக்கணக்கான பேக்கெட்டுகள் ஓடும் இடத்தில் ஒரே ஒரு முகவரியின் போக்குவரத்தைச் சிரமமின்றிப் பார்க்க முடிவது இதனால்தான். பின்னாளில் லினக்ஸும் தன் பேக்கெட் சாக்கெட்டுகளில் இதே மொழியில் எழுதிய வடிகட்டிகளை ஏற்றுக்கொண்டது.

நிட்டின் குறையைத் தீர்க்க வந்த இந்தச் சிக்கனம், 30 ஆண்டுகள் கழித்து ஒரு பின்கதவுக்கு மறைவிடம் ஆயிற்று.

2021 – 2025: சத்தத்துக்காகக் காத்திருந்த நிரல்

பிபிஎஃப்டோர் பற்றி 2022-இல் பிடபிள்யூசி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியே சொன்னார்கள். சீனத் தொடர்புள்ளதாக அவர்கள் கருதிய, 'ரெட் மென்ஷென்' என்று பெயரிட்ட குழு, மத்திய கிழக்கிலும் ஆசியாவிலும் தொலைத்தொடர்பு நிறுவனங்களில் இதைப் பயன்படுத்தியிருந்தது. அதே ஆண்டில் அதன் மூல நிரலும் வெளியே கசிந்தது. அதன்பின், இதைக் கண்ட இடத்திலெல்லாம் இன்னாரே செய்தார் என்று சொல்வது கடினமாயிற்று.

அதன் செயல்முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ரூட் உரிமையோடு தொடங்கும் அந்த நிரல், நினைவகத்தில் மட்டும் இருக்கும் ஓர் அடைவுக்குத் தன்னை நகலெடுத்து, அங்கிருந்து ஓடத் தொடங்கி, அந்தக் கோப்பையும் அழித்துவிடும். பிறகு தன் பெயரை மாற்றிக்கொள்ளும். செயல்முறைப் பட்டியலில் அது யூடெவ்டியாகவோ, டிபஸ் டீமனாகவோ, போஸ்ட்ஃபிக்ஸ் அஞ்சல் நிரலின் ஓர் உறுப்பாகவோ தெரியும். லினக்ஸ் சர்வரில் எப்போதும் இருக்கும் பெயர்கள் இவை. பட்டியலை மேலோட்டமாகப் பார்ப்பவர் கண் அங்கே நிற்காது.

அடுத்து ஒரு பேக்கெட் சாக்கெட்டைத் திறந்து, அதில் பிபிஎஃப் வடிகட்டி ஒன்றை மாட்டுகிறது. வெளியே கசிந்த வடிவத்தில் அந்த வடிகட்டி தேடுவது இரண்டே எண்களை. யூடிபி அல்லது ஐசிஎம்பி பேக்கெட் என்றால் தகவலின் தொடக்கத்தில் 7255, டிசிபி என்றால் 5293, பதினாறடிமான எண்முறையில். பொருந்தாதவை கெர்னலிலேயே உதிர்ந்துவிடும். நிரல் தூங்கிக்கொண்டே இருக்கும். சிபியு பயன்பாட்டில் அதன் தடயம் தெரியாது.

அந்த எண்ணோடு ஒரு பேக்கெட் வந்தால் விழித்துக்கொள்கிறது. உடன் வந்த கடவுச்சொல்லைச் சரிபார்த்துவிட்டு, தாக்குபவர் இருக்கும் முகவரிக்குத் தானே ஒரு கட்டளை அமர்வைத் திறக்கும். அல்லது, சர்வரின் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில் தற்காலிகமாக விதிகளைச் சேர்த்து, அந்த ஒரு முகவரியிலிருந்து வரும் இணைப்பை மட்டும் 42391 முதல் 43391 வரையுள்ள ஒரு போர்ட்டுக்குத் திருப்பிவிடும். மற்றவர்களுக்கு 443-ஆம் போர்ட்டில் வழக்கமான வலைத்தளம். அவருக்கு மட்டும் அதே 443-இல் கட்டளைச் சாளரம். இதற்கென்று தனியே எந்தப் போர்ட்டும் முன்கூட்டியே திறந்திருக்காது. வெளியிலிருந்து போர்ட்டுகளை வருடிப் பார்ப்பவருக்கு ஒன்றும் தென்படாது.

எஸ்கே டெலிகாம் விவகாரம் 2025 ஏப்ரலில் வெளிப்பட்டது. அரசும் தனியாரும் சேர்ந்த விசாரணைக் குழுவின் இறுதி முடிவுகள் ஜூலையில் வந்தன. 28 சர்வர்களில் 33 வகைத் தீநிரல்கள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றில் 27 பிபிஎஃப்டோரின் வகைகள். சுமார் 2 கோடியே 69 லட்சம் சந்தாதாரர் அடையாள எண்களும் யூசிம் எனும் சிம் அட்டை விவரங்களும் போய்விட்டன; அளவில் 9.82 ஜிபி. முதல் ஊடுருவல் நடந்தது 2021 ஆகஸ்ட் 6-இல். இணையத் தொடர்புள்ள ஒரு மேலாண்மை சர்வரில் முதலில் வேறொரு தீநிரல் நுழைந்தது. மற்ற சர்வர்களின் பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் மறைகுறியாக்கம் இன்றி அங்கே சேமிக்கப்பட்டிருந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டு சந்தாதாரர் தரவுகளை ஆளும் சர்வர்கள் வரை போய், அங்கே பிபிஎஃப்டோரை நிறுவிவிட்டுக் காத்திருந்தார்கள். தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம் 2025 ஆகஸ்டில் விதித்த அபராதம் சுமார் 13,480 கோடி வொன்.

ஒப்பீடு: எதைக் கேட்டார்கள்

1994-இல் ஒட்டுக்கேட்பதே களவு. கம்பியில் போனதுதான் பொருள். 2021-இல் கம்பியில் போனதைப் பற்றி அந்த நிரலுக்கு அக்கறையே இல்லை. தனக்கு வரவேண்டிய ஒரே ஒரு சமிக்ஞைக்காக மட்டும் காது வைத்திருந்தது. முன்னவர் திண்ணையில் உட்கார்ந்து தெருவில் போகிறவர்கள் பேச்சையெல்லாம் குறித்துக்கொண்டவர். பின்னவர் வீட்டுக்குள்ளேயே படுத்துக்கொண்டு, தன் கூட்டாளி கதவைத் தட்டும் தனி விதத்துக்காகக் காத்திருந்தவர்.

இந்த வேறுபாட்டால் மறைகுறியாக்கத்தின் மதிப்பு இரண்டு இடங்களில் இரண்டு விதமாகிறது. எஸ்எஸ்ஹெச் வந்ததும் 1994-இன் களவுக்குச் சரக்கு இல்லாமல் போனது. பிபிஎஃப்டோரை எஸ்எஸ்ஹெச்சோ, டிஎல்எஸ்ஸோ ஒன்றும் செய்யவில்லை. சர்வருக்கு வரும் அத்தனையும் மறைகுறியாக்கப்பட்டிருந்தாலும், அந்த 7255 மறைகுறியாக்கம் இன்றி நேராக வந்து சேரும்.

இங்கே ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். கம்பியில் மறைத்து அனுப்பினோம் என்று திருப்தியாக இருக்கும் பல சர்வர்களில், முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் டிஎல்எஸ் மறைப்பை அவிழ்த்து, அதே இயந்திரத்தின் 127.0.0.1 முகவரியில் 8080 போர்ட்டில் ஓடும் செயலிக்கு வெறும் எச்டிடிபியாகக் கொடுக்கும். ரூட் உள்ள ஒருவர் லூப்பேக் இடைமுகத்தில் டிசிபிடம்ப்பை ஓட்டினால், உள்நுழைவுப் படிவத்தில் பயனர் தட்டிய கடவுச்சொல் எழுத்து எழுத்தாகத் தெரியும். 1994-இன் கம்பி பல இடங்களில் சர்வருக்குள்ளேயே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒப்பீடு: எப்படித் தெரிந்துகொள்வது

சன் வொர்க்ஸ்டேஷனில் ஒட்டுக்கேட்டவர் பிறருக்குப் போகும் பேக்கெட்டுகளை எடுக்க வேண்டியிருந்தது. அதனால் கார்டைப் புரோமிஸ்கியுவஸ் நிலைக்கு மாற்றியே ஆகவேண்டும். அந்த ஓர் அடையாளத்தைத்தான் செர்ட் கொடுத்த நிரல் தேடியது.

பிபிஎஃப்டோருக்கு அந்த நிலை தேவையே இல்லை. அதற்கான சமிக்ஞை அந்தச் சர்வரின் முகவரிக்கே வருகிறது. கார்டு எப்போதும் போல் இருக்கும். 1994-இல் கற்ற பாடத்தை வைத்துக்கொண்டு 2021-இல் தேடியவருக்கு எதுவும் கிடைத்திருக்காது. மேகக்கணினியில் அந்தப் பாடம் இன்னும் பலவீனம்: அங்கே மெய்நிகர் கார்டைப் புரோமிஸ்கியுவஸ் ஆக்கினாலும் பக்கத்து வாடிக்கையாளரின் பேக்கெட் பெரும்பாலும் வந்து சேராது.

இப்போது பார்க்க வேண்டிய இடம் வேறு. லினக்ஸில் எஸ்எஸ் கட்டளையை, பேக்கெட் சாக்கெட்டுகளைப் பட்டியலிடும் விருப்பத்தோடு ஓட்டினால், எந்தெந்தச் செயல்முறை அவற்றைத் திறந்து வைத்திருக்கிறது என்று தெரியும். சாதாரண வலை சர்வரில் அந்தப் பட்டியல் மிகச் சிறியது: டிஎச்சிபி கிளையண்ட், ஒருவேளை கண்காணிப்பு நிரல் ஒன்று. அஞ்சல் நிரலின் உறுப்பு என்ற பெயரில் ஒன்று பேக்கெட் சாக்கெட் வைத்திருந்தால் அங்கேயே நிற்க வேண்டும். அஞ்சல் அனுப்ப அது எதற்கு? இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிந்திருந்தால் போதும். பெயர் மாற்றும் உத்தி அதற்குமேல் எடுபடாது. ஆனால் கட்டளைகளையே போலியாக மாற்றிவைக்கும் பழக்கம் 1994-இலேயே இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. சந்தேகம் வந்த சர்வரில் அந்தச் சர்வரின் கட்டளைகளையே சாட்சியாக நம்பக் கூடாது.

ஒப்பீடு: நீக்கினால் என்ன ஆகும்

இரண்டு காலத்திலும் வசதியை நீக்கச் சொன்னவர்கள் உண்டு. இரண்டு காலத்திலும் அது முழுதாக நடக்கவில்லை. காரணமும் ஒன்றே. முன்பு வட்டில்லா இயந்திரங்கள் முகவரி பெற நிட் வேண்டியிருந்தது. இன்று சர்வர் முகவரி பெறும் டிஎச்சிபிக்கு பிபிஎஃப் அல்லது பேக்கெட் சாக்கெட் வேண்டியிருக்கிறது. ஐபி முகவரி இன்னும் கிடைக்காத இயந்திரம், முகவரி கேட்டுப் பேச இதைத்தான் நம்புகிறது. முகவரியைக் கைப்பட எழுதிவைக்கும் நிலையான சர்வர்களில் மட்டுமே இதை நீக்கும் சுதந்திரம் இருக்கிறது.

நீக்கினாலும், ரூட் பெற்றவர் கெர்னல் துணை நிரலாக அதை மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். அதையும் தடுக்க வேண்டும் என்றால் ஃப்ரீபிஎஸ்டியில் செக்யூர்லெவலை 1 அல்லது அதற்கு மேல் உயர்த்த வேண்டும். லினக்ஸில் இயங்கத் தொடங்கியபின் துணை நிரல் ஏற்றுவதையே அணைத்துவிட வேண்டும். இந்தத் தடையும் சேர்ந்தால்தான் நீக்கம் அர்த்தமுள்ளதாகிறது. வெறும் நீக்கம் மட்டும் என்றால் புகுந்தவருக்கு ஒரு கட்டளை கூடுதல் வேலை, அவ்வளவுதான்.

ஆனால் இன்றைய லினக்ஸில் நீக்கத்துக்கு, 1994-இல் இல்லாத ஒரு நியாயம் சேர்ந்திருக்கிறது. அன்று நிட்டைத் தொட ரூட் வேண்டும். இன்று பல லினக்ஸ் சர்வர்களில் சாதாரணப் பயனரும் தனக்கென்று ஒரு பயனர் நேம்ஸ்பேஸை உருவாக்கி, அதற்குள் ரூட் போல நடந்துகொண்டு, பேக்கெட் சாக்கெட்டைத் திறக்க முடிகிறது. அவருக்கு வெளிப் போக்குவரத்து எதுவும் கேட்காது. ஆனால் அந்த வசதியின் கெர்னல் நிரலைத் தொட்டுவிடுகிறார். அதில் பிழை இருந்தால் அதன்வழி உண்மையான ரூட் ஆகிவிடுவார். 2016 முடிவில் வெளிவந்த சிவிஇ-2016-8655 அப்படிப்பட்டது. அந்தப் பிழை 2011 முதல் கெர்னலில் இருந்தது. 2017-இலும் 2020-இலும் அதே பகுதியில் மேலும் பிழைகள் கண்டுபிடிக்கப்பட்டன. டாக்கர் கொள்கலன்களுக்கு வழக்கமாகவே பேக்கெட் சாக்கெட் திறக்கும் உரிமை கொடுக்கப்பட்டுவிடுகிறது. 2020-இன் பிழை வந்தபோது அந்த உரிமையைப் பறித்துவிடுங்கள் என்ற அறிவுரை பரவலாக வந்ததற்கு இதுவே காரணம். ஃப்ரீபிஎஸ்டியின் ஜெயில்கள் இதற்கு நேர்மாறு: பிபிஎஃப் சாதனக் கோப்பு வழக்கமான விதிகளின்படி ஜெயிலுக்குள் கண்ணிலேயே படாது.

நல்ல நோக்கத்தோடு பிடிப்பவருக்கும் இதில் அபாயம் உண்டு. பிடித்த பேக்கெட்டைப் படித்துப் பொருள் சொல்லும் பகுதி, வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் அனுப்பக்கூடியதை நம்பிப் படிக்கிறது. 2017-இல் வந்த டிசிபிடம்ப் 4.9.2 பதிப்பு ஒரே மூச்சில் 90 அளவில் பாதுகாப்புப் பிழைகளைத் திருத்தியது. வயர்ஷார்க் குழுவினர் தங்கள் கருவியை ரூட்டாக ஓட்டாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். சர்வரில் பிடித்துக் கோப்பாக்கி, அதைத் தனி இயந்திரத்தில் ரூட் இல்லாமல் படிப்பதே சரியான வழக்கம். படித்து முடித்ததும் கோப்பை அழித்துவிட வேண்டும். தற்காலிக அடைவில் மறந்துபோன பிடிப்புக் கோப்பு, புகுந்தவருக்கு யாரோ முன்கூட்டியே செய்துவைத்த வேலை.

ஒப்பீடு: எது மருந்தாயிற்று

1994-க்கு மருந்து கம்பியில் போனதை மாற்றியது. எஸ்கே டெலிகாமுக்கு அந்த மருந்து எட்டவில்லை. ஏனெனில் அங்கே மறைகுறியாக்கம் இன்றி இருந்தது கம்பியில் அல்ல, வட்டில். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஒரு சர்வரில் வெறுமையாக இருந்ததால்தான் ஒரு சர்வர் வழியாகப் பல சர்வர்களுக்குப் போக முடிந்தது. யூசிம் அங்கீகாரச் சாவியும் மறைகுறியாக்கப்படாமல் இருந்ததை விசாரணை சுட்டிக்காட்டியது. இந்த ஓர் அம்சத்தில் இரண்டு சம்பவங்களும் ஒன்றே: ஓர் இயந்திரம் விழுந்ததும் மற்றவை விழுவதற்கான சாவி அங்கேயே கிடந்தது. பேக்கெட் பிடிக்கும் வசதி முதலாவதில் அந்தச் சாவியைப் பொறுக்க உதவியது. இரண்டாவதில், பொறுக்கிய பிறகு நீண்ட நாள் தங்க உதவியது.

எவ்வளவு நாள் என்பதில்தான் இரண்டும் பெரிதும் பிரிகின்றன. 1994-இன் வேட்டையைப் பற்றிப் பலரும் பேசினார்கள்; செர்ட் அதைத் தொகுத்து உலகையே எச்சரித்தது. எஸ்கே டெலிகாமில் 2022 பிப்ரவரியிலேயே ஒரு சர்வர் இயல்புக்கு மாறாக நடந்துகொண்டது. அங்கே தீநிரலும் அகப்பட்டது. ஆனால் அரசுக்கு அறிவிக்கவில்லை. பதிவுகளையும் முழுமையாக ஆராயவில்லை. முதல் ஊடுருவலுக்கும் கண்டுபிடிப்புக்கும் நடுவே 3 ஆண்டு 8 மாதம் ஓடிவிட்டது. ஃபயர்வால் பதிவுகள் கடைசி சில மாதங்களுக்கு மட்டுமே இருந்ததால், அதற்கு முன் என்ன போனது, போகவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாமல் போயிற்று. இந்தியாவில் 'செர்ட்-இன்' அமைப்பு 2022 ஏப்ரலில் விதித்த கடமை, பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது. பிபிஎஃப்டோர் போன்ற பொறுமைசாலி நிரலுக்கு எதிரே 180 நாள் போதாது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

ஒப்பீட்டின் முடிவு

இரண்டு சம்பவங்களையும் சேர்த்துப் பார்த்தபின், வசதியை எடுத்துவிடு என்ற பழைய அறிவுரையின் இடம் தெளிவாகிறது. 1994-இல் செர்ட் அதைத் தற்காலிகம் என்றது. 2025-இன் நிகழ்வும் அதையே உறுதிசெய்கிறது. முகவரி நிலையாக இருந்து, கெர்னல் துணை நிரல் ஏற்றுவதையும் அடைக்க முடிந்த சர்வரில் நீக்கிவிடலாம். மற்ற சர்வர்களில் வேலை வேறு வரிசையில் நடக்க வேண்டும்.

முதலில், இந்தச் சர்வரில் ஒருவர் காது வைத்தால் அல்லது வட்டைத் துழாவினால் வேறொரு சர்வரின் சாவி கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். லூப்பேக்கில் ஓடும் வெறும் எச்டிடிபி, அமைப்புக் கோப்பில் எழுதிவைத்த தரவுத்தளக் கடவுச்சொல் எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

இரண்டாவதாக, கேட்கும் உரிமையைத் தேவையானவர் கையில் மட்டும் வைக்க வேண்டும். கொள்கலன்களிலிருந்து அந்த உரிமையைப் பறித்துவிடலாம். பிங் வேண்டும் என்பதற்காக அதைக் கொடுத்துவைக்க வேண்டியதில்லை, அதற்கு லினக்ஸில் வேறு வழி இருக்கிறது. சேவைகளை சிஸ்டம்டியில் ஓட்டுபவர்கள், ஒரு சேவை எந்த வகைச் சாக்கெட்டுகளைத் திறக்கலாம் என்று எழுதிவைக்கலாம். வலை சர்வருக்கு இணைய சாக்கெட்டுகளும் உள்ளூர் சாக்கெட்டுகளும் போதும்.

மூன்றாவதாக, வெளியே போகும் இணைப்புகளுக்கும் தனியாக நிற்கும் ஒரு ஃபயர்வாலில் கட்டுப்பாடு வேண்டும். சர்வரின் சொந்த ஃபயர்வால் தடுத்த பேக்கெட்டும் உள்ளே கேட்கும். வெளியே நிற்கும் ஃபயர்வால் தடுத்தது சர்வரை எட்டவே எட்டாது. சமிக்ஞை கிடைத்த பின்கதவு நிரல் தாக்குபவரை நோக்கித் தானே இணைப்பைத் திறக்கப் பார்க்கும்போதும் அங்கேதான் முட்டிக்கொள்ளும்.

இவற்றோடு, பேக்கெட் சாக்கெட் யார் யார் கையில் இருக்கிறது என்ற பட்டியலை நாள்தோறும் எடுத்து, நேற்றையதோடு ஒப்பிட்டு, சர்வருக்கு வெளியே சேமித்து வைக்கும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் போதும். இதற்குச் செலவு கிடையாது. இரண்டு மூன்று வரி மட்டுமே உள்ள பட்டியலில் புதிய வரி ஒன்று வந்தால் கண்ணில் படாமல் போகாது. அது கண்ணில் பட்ட அன்றே உள்ளுக்குள் முடித்துக்கொள்ளாமல் வெளியே சொல்வதும் பாதுகாப்பின் ஒரு பகுதி. 1994-இன் செர்ட் எச்சரிக்கை, கடவுச்சொல்லைக் கம்பியில் வெறுமையாக அனுப்பக் கூடாது என்று உலகுக்கே சொன்னது. 2022 பிப்ரவரியின் மௌனம் தாக்குபவருக்கு இன்னும் மூன்று ஆண்டுகளைக் கொடுத்தது.